ஏ முதல் டி வரை

போன மாசியில் நான் படித்த பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவுக்குப் பரிசு கொடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். வேப்பந்தட்டையிலிருந்து மேற்கே மலையைப் பார்த்துப் போகும் சாலையில் இருக்கிற பள்ளிக்கூடம். "நம்ம ஸ்கூல்ல படிச்சு கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸா இருக்கீங்க. நீங்க வந்தா புள்ளைங்களுக்கு ஒரு ஊக்கமா இருக்குங்க" என்று தலைமையாசிரியர் போனில் சொன்னார். நானும் டியூட்டியை மாற்றிக்கொண்டு, இருப்பதில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனேன். சால்வை போட்டார்கள். காபி கொடுத்தார்கள். அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

விழா தொடங்குவதற்கு முன்னால், தலைமையாசிரியர் அறையில் என் எதிரே ஆறு டிக்ஷனரிகளைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். இங்கிலீஷ் வார்த்தைக்கு இங்கிலீஷிலும் தமிழிலும் அர்த்தம் போட்ட தடித்த டிக்ஷனரி. வகுப்புக்கு ஒருவராக, முதல் மதிப்பெண் வாங்கிய ஆறு பிள்ளைகளுக்கு. ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் பள்ளிக்கூட சீல் குத்தி, கீழே ஒரு கோடு போட்டிருந்தது. "அந்தக் கோட்டுல பேரை எழுதி, அடியில உங்க கையெழுத்தைப் போட்டுருங்க மேடம். எழுதி முடிச்சதும் கலர் பேப்பர் சுத்திருவோம்" என்று ஒரு டீச்சர் பேனாவைக் கொடுத்தார்.

பேனாவை வாங்கினேன். முதல் பக்கத்தைப் பார்த்தேன். கை ஓடவில்லை.

"சார், இதைத் தொறந்து பார்ப்பாங்களா?" என்று கேட்டேன்.

"பின்ன? வூட்டுல ஷோகேஸ்ல வெச்சு அழகு பார்ப்பாங்க" என்றார் தலைமையாசிரியர். பெருமையாகத்தான் சொன்னார்.

"ஷோகேஸ்ல வைக்கிறதுக்கு ரெண்டு பிளாஸ்டிக் பொம்மை வாங்கிக் குடுங்க சார். இதை எப்படிப் பார்க்கிறதுன்னு என்னிக்காச்சும் கிளாஸ்ல சொல்லிக் குடுத்திருக்கீங்களா? எங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. இந்த ஆறு புள்ளைங்களுக்கு யாரு சொல்லிக் குடுக்கப் போறா?"

சால்வையை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டேன். அகராதி பிடித்த பொம்பளை என்று பேசியிருப்பார்கள். பேசட்டும்.

அந்தத் தலைமையாசிரியர் பாவம். என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் அளவுக்கு அவர் ஒன்றும் செய்யவில்லை. என் கோபம் வேறு இடத்தில் கிடக்கிறது, பன்னிரண்டு வருடமாக. அதை எழுதினால் ஆறுமா என்று தெரியாது. ஆற வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள் நான். அறிவியலில் நான்தான் முதல். கணையம் எங்கே இருக்கிறது, மண்ணீரல் எந்தப் பக்கம், பித்தப்பை எதற்கு என்று எல்லாவற்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் படம் போட்டுப் பாகம் குறிப்பேன். அந்தத் தைரியத்தில்தான் பெரம்பலூர் பக்கம் ஒரு நர்சிங் பள்ளியில் டிப்ளமாவுக்குச் சேர்ந்தேன். முதல் வகுப்பில் போர்டில் அதே படம் வரைந்திருந்தது. அதே இரைப்பை, அதே குடல். சுற்றி அம்புக்குறி போட்டு எல்லாவற்றுக்கும் இங்கிலீஷில் பெயர். எனக்கு ஒன்றுகூடப் புரியவில்லை. நேற்றுவரை எனக்கு அத்துப்படியாக இருந்த உடம்பை ஒரே நாளில் யாரோ என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. பக்கத்தில் இருந்தவள் என்ன எழுதுகிறாள் என்று எட்டிப் பார்த்தேன். அவளும் என் நோட்டைத்தான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளை எஸ்காரி என்றே சொல்கிறேன். அது நாங்கள் வைத்த பெயர். ஏன் அந்தப் பெயர் என்பதைச் சொல்கிறேன். அவளுக்கு அரியலூர் மாவட்டம், ஆலத்தியூர்ப் பக்கம். அப்பா லாரியில் சிமெண்ட் மூட்டை ஏற்றுகிறவர். அவளும் தமிழில் படித்தவள். பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மதிப்பெண்.

எங்களுக்கு வகுப்பெடுத்த டியூட்டர் மேடத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. தமிழில் அர்த்தம் கேட்டால் அந்த வகுப்பு முடியும்வரை நிற்க வேண்டும். டெஸ்க்குக்கு அடியில் டிக்ஷனரி பார்த்துப் பிடிபட்டால் அதற்குத் தனிப் பேச்சு. "ப்ளஸ் டூ பாஸ் பண்ணிட்டு வந்து இன்னும் ஏ ஃபார் ஆப்பிளா? உங்களையெல்லாம் யாரு நர்ஸா வரச் சொன்னது?" இங்கிலீஷ் மீடியத்திலிருந்து வந்த பெண்கள் சிரிப்பார்கள். தெரியாததைத் தேடிப் பார்ப்பதுதானே படிப்பு? அங்கே அது கேவலமாகிவிட்டது. தெரியாமலே தெரிந்ததுபோல் தலையாட்டுகிறவள் புத்திசாலி, தேடிப் பார்க்கிறவள் மக்கு. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த மேடமும் எங்களைப்போல ஒரு கிராமத்துப் பள்ளியில் தமிழில் படித்து வந்தவர்தான் என்று பிறகு தெரிந்தது. அது தெரிந்ததும் என் கோபம் குறையவில்லை, கூடியது.

போனில் பார்க்கலாமே என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். ஹாஸ்டலில் சேர்ந்த அன்றே வார்டன் போன்களை வாங்கிப் பூட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வீட்டுக்குப் பேசத் தருவார். லைப்ரரியில் ஒரு டிக்ஷனரி இருந்தது, கண்ணாடி பீரோவுக்குள். பீரோ சாவி ஆபீஸ் கிளார்க்கிடம். அவரிடம் போய் நின்றால், "அது ரெஃபரன்ஸ் புக்கும்மா, வெளிய தர்றதில்ல" என்பார். உள்ளேயே உட்கார்ந்து பார்க்கிறோம் என்றால், இன்றைக்கு நேரமாகிவிட்டது என்பார். மூன்று மாதத்தில் அந்த பீரோ திறந்து நான் பார்த்ததே இல்லை.

முதல் லீவுக்குப் போய்விட்டு வந்தபோது எஸ்காரி ஒரு டிக்ஷனரியைக் கொண்டுவந்தாள். பத்தாம் வகுப்பில் முதல் மதிப்பெண்ணுக்குக் கொடுத்த பரிசு. அவள் அப்பா அதற்கு பிளாஸ்டிக் அட்டை போட்டு, வீட்டில் டிவிக்கு மேலே வைத்திருந்தாராம். வீட்டுக்கு யார் வந்தாலும் முதல் பக்கத்தைத் திறந்து காட்டுவாராம். அதில் பள்ளிக்கூட சீலும், தலைமையாசிரியை கைப்பட எழுதிய அவள் பெயரும், கையெழுத்தும் இருந்தன. அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த வரி தன் மகள் பெயர் என்பது மட்டும் தெரியும். முதல் பக்கத்துக்கு அப்பால் அந்தப் புத்தகத்தை யாரும் புரட்டவில்லை. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

அன்று நாங்கள் முதலில் தேடியது கணையத்தை. போர்டில் வாயில் நுழையாமல் கிடந்த அந்த இங்கிலீஷ் பெயரைக் கண்டுபிடித்து, எதிரே தமிழில் கணையம் என்று இருந்ததைப் பார்த்ததும் எஸ்காரி, "அடிப்பாவி, இதுதானா?" என்று கத்தினாள். இருவரும் கட்டிலில் விழுந்து சிரித்தோம். பிறகு அவள் அழுதாள். தெரிந்த ஒன்றுக்காகத்தானே இத்தனை நாள் நின்றோம் என்றாள்.

டிக்ஷனரி கிடைத்துவிட்டால் போதுமா? எங்களுக்குப் பார்க்கத் தெரியவில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் ஏ, பி, சி என்று முதலிலிருந்து முணுமுணுத்தால்தான் அது எங்கே வரும் என்று பிடிபடும். வரிக்கு வரி எல்லா வார்த்தைக்கும் பென்சிலில் அர்த்தம் எழுதுவோம். பக்கம் முழுக்கத் தமிழ் எழுத்தாகி, அடியில் இருக்கிற பாடம் கண்ணுக்குத் தெரியாது. அப்படி எழுதி முடித்துப் படித்தால் தனித்தனி வார்த்தையெல்லாம் புரியும், வரி மட்டும் புரியாது. வரியை முதலில் கடைசிவரை படி, எந்த வார்த்தை வழியை அடைக்கிறதோ அதை மட்டும் பார் என்கிற ஒரு சின்ன விஷயத்தை நாங்களே முட்டி மோதிக் கண்டுபிடிக்க நான்கு மாதம் ஆனது. ஒரு டீச்சர் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். டிக்ஷனரியைப் பரிசாகக் கொடுக்கத் தெரிந்தவர்கள் யாருக்கும் இதைச் சொல்லத் தோன்றவில்லை.

அடுத்து ஆஸ்பத்திரியில் வார்டு டியூட்டி வந்தது. நான்கு நான்கு பேராகப் பிரித்து அனுப்பினார்கள். எங்கள் குழுவில் நாங்கள் இருவர், லப்பைக்குடிக்காட்டுப் பெண் ஒருத்தி, ஜெயங்கொண்டத்துப் பெண் ஒருத்தி. நால்வருமே தமிழ் மீடியம். வார்டில் நின்று வேலை பார்க்கும்போதுதான் வார்த்தைகள் அதிகம் தேவைப்படும். அவ்வளவு பெரிய புத்தகத்தை அங்கே எப்படித் தூக்கிப் போவது? எங்கள் வெள்ளைக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஆழமான பாக்கெட் இருந்தது. அதைப் பார்த்து நான்தான் சொன்னேன்.

"நாலா வெட்டிடலாம்டி. ஆளுக்கு ஒரு துண்டு."

எஸ்காரி புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அது அவள் புத்தகம், அவள் அப்பா டிவிக்கு மேலே வைத்திருந்தது. "எங்கப்பா பார்த்தாருன்னா அவ்வளவுதான்" என்றாள். ஒரு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவளே ஒரு சர்ஜிகல் பிளேடோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் அட்டையைக் கழற்றினாள். புத்தகத்தின் முதுகில் பிளேடை வைத்து மெதுவாக இறக்கினாள். நான்கு துண்டுக்கும் காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளை பிளாஸ்டரை முதுகாக ஒட்டினோம். எனக்கு ஏ முதல் டி வரை. லப்பைக்குடிக்காட்டுக்காரிக்கு ஈ முதல் எல் வரை. ஜெயங்கொண்டத்துக்காரிக்கு எம் முதல் ஆர் வரை. மிச்சம் எஸ் முதல் கடைசிவரை அவளுக்கு. அன்றிலிருந்து நான் ஏகாரி, அவள் எஸ்காரி.

முதல் பக்கம் என் துண்டோடு வந்துவிட்டது. "உன் பேரு இருக்கிற பக்கத்தை வேணும்னா நீ எடுத்து வெச்சுக்கடி" என்றேன்.

"வேணாம், அது அங்கயே இருக்கட்டும். கிழிச்சா நல்லாவா இருக்கும்?" என்றாள். புத்தகத்தையே நான்காக வெட்டியவள் அந்த ஒரு பக்கத்தை வெட்ட மறுத்தாள்.

எட்டு மாதம் அப்படித்தான் ஓட்டினோம். ஒரு வார்த்தை வந்து முட்டினால் அது யார் பாக்கெட்டில் இருக்கிறது என்று யோசித்து, படுக்கை விரிப்பை உதறுகிற சாக்கில் அவள் பக்கம் போக வேண்டும். அர்த்தத்தைப் பார்த்தால் அதில் இன்னொரு தெரியாத வார்த்தை இருக்கும். அதற்கு வேறொருத்தியிடம் போக வேண்டும். ஒரு வார்த்தைக்காக நான்கு பேரிடமும் சுற்றி வந்த நாளெல்லாம் உண்டு. கால் வலிக்கும். ஆனால் அப்படி நடந்து வாங்கிய வார்த்தை ஒன்றுகூட எனக்கு மறக்கவில்லை. வகுப்பில் பின்தங்கிக் கிடந்த நாங்கள் பரீட்சையில் மேலே வர ஆரம்பித்தோம். எஸ்காரி எங்கள் நால்வரிலும் கெட்டி. டியூட்டர் மேடத்துக்கு அது பிடிக்கவில்லை.

அந்த நாள் காலையில் ஆண்கள் வார்டில் இருந்தோம். ஏழாம் நம்பர் படுக்கையில் ஒரு பெரியவர், ஓயாத இருமல். அவரிடமிருந்து என்ன சாம்பிள் எடுக்க வேண்டும் என்று மேடம் இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனார். எஸ்காரிக்கு அந்த வார்த்தை தெரிந்த மாதிரி இருந்தது, ஆனால் நிச்சயமில்லை. தப்பாக எடுத்தால் அந்த மனுஷருக்குத்தானே கெடுதல்? துணி வண்டிக்குப் பின்னால் நின்று தன் துண்டை எடுத்துப் பார்த்தாள். கோழை என்று இருந்தது. டப்பாவைப் பெரியவர் கையில் கொடுத்து, "எச்சி வேணாங்க தாத்தா. நல்லா அடியிலேருந்து இருமி, வர்ற சளியை மட்டும் இதுல துப்புங்க" என்றாள். நான் பக்கத்துப் படுக்கையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதே வார்டில் இங்கிலீஷ் மீடியம் பெண் ஒருத்தி டிக்ஷனரி எதுவும் பார்க்காமல் இன்னொருவரிடம் வெறும் எச்சிலை வாங்கி அனுப்ப, லேபில் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

எஸ்காரி துண்டைப் பாக்கெட்டில் திரும்ப வைக்கும்போது மேடம் பார்த்துவிட்டார். கையை நீட்டி வாங்கினார். புரட்டினார். அட்டை இல்லை, முன்பக்கம் இல்லை, எஸ்ஸில் ஆரம்பிக்கிறது. "எங்கேருந்து கிழிச்ச?" என்று கேட்டார். "என்னோட புக்கு மேடம்" என்றாள். மேடம் நம்பவில்லை. அந்த வாரம்தான் லைப்ரரியில் கணக்கெடுத்து, பீரோவில் இருக்க வேண்டிய டிக்ஷனரியைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். பூட்டிய பீரோவுக்குள்ளிருந்து இவள் எப்படி எடுத்திருப்பாள் என்று கேட்க அங்கே ஒரு ஆள் இல்லை.

அவள் அப்பாவுக்குப் போன் போட்டார்கள். மறுநாள் பதினொரு மணிக்கு அவர் வந்தார். அவசரத்தில் வேலைக்குப் போகிற சட்டையோடே வந்திருந்தார். காதோரத்தில் சிமெண்ட் அப்பியிருந்தது. பிரின்சிபால் அறையில் அவரை உட்காரச் சொல்லவில்லை. ஒரே வார்டில் வேலை பார்த்ததால் எங்கள் மூவரையும் சாட்சிக்குக் கூப்பிட்டு சுவரோரமாக நிறுத்தினார்கள். எஸ்காரி மேசைக்கு முன்னால் நின்றாள். அவள் துண்டு மேசைமேல் கிடந்தது.

அப்பாதான் முதலில் பேசினார். "அம்மா, இது எம்பொண்ணு ப்ரைஸ் வாங்குன புக்குங்க. மொத பக்கத்துல அது பேரு எழுதியிருக்கும் பாருங்க. பெரிய டீச்சரு அவங்க கையால எழுதுனது."

பிரின்சிபால் துண்டின் முதல் பக்கத்தைத் திருப்பி அவரிடம் காட்டினார். "இதுல ஒண்ணும் இல்லையே? எங்க இருக்குன்னு நீங்களே காட்டுங்க."

அவர் அதை வாங்கி, முன்னும் பின்னும் புரட்டி, மகள் பெயரைத் தேடினார். எழுதப் படிக்கத் தெரியாத மனுஷர் அந்தத் துண்டு முழுக்கத் தேடினார்.

அந்தப் பக்கம் என் பாக்கெட்டில் இருந்தது. வலது பக்கத்து பாக்கெட். டியூட்டியிலிருந்து நேராகக் கூப்பிட்டதால் கோட்டோடு வந்திருந்தேன். தொடையில் அதன் கனம் எனக்குத் தெரிந்தது. கையை உள்ளே விட்டு எடுத்து மேசைமேல் வைத்தால் போதும். சீல், பெயர், கையெழுத்து எல்லாம் இருக்கிறது. ஒரு நிமிட வேலை.

"இவ இப்படி வெச்சிருந்தது உங்களுக்குத் தெரியுமா? உங்ககிட்டயும் இருக்கா?" என்று பிரின்சிபால் எங்களைக் கேட்டார். முதலில் ஜெயங்கொண்டத்துக்காரி தெரியாது என்றாள். அடுத்து லப்பைக்குடிக்காட்டுக்காரி இல்லையென்று தலையை ஆட்டினாள். எஸ்காரி திரும்பி என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான். கெஞ்சவில்லை. நான் எடுக்கப் போகிறேன் என்று நம்பிப் பார்த்தாள்.

"தெரியாது மேடம்" என்றேன்.

காரணம் கேட்டால் இருக்கிறது. வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். படிப்பில் ஒரு சொட்டை விழுந்தால் அந்த வாரமே கூட்டிப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு சோளக்காடும் வெங்காயக்காடும்தான் கதி. பயந்தேன். ஆனால் பயத்தை ஒரு காரணமாகச் சொல்லிக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. அவளுக்கும்தான் பயம் இருந்தது. அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லையே.

பிரின்சிபால் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தார். லைப்ரரி புத்தகத்தைத் திருடிக் கிழித்தேன், மன்னித்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தால் ஒரு வாரம் சஸ்பெண்டோடு விட்டுவிடுவதாகச் சொன்னார். இங்கிலீஷில் எழுத வேண்டும். அப்பாவுக்கு விளங்கவில்லை. "என்ன பாப்பா எழுதச் சொல்றாங்க?" என்று கேட்டார்.

"திருடுனேன்னு எழுதச் சொல்றாங்கப்பா."

"நீ திருடுனியா?"

"இல்லப்பா."

"அப்புறம் என்னத்துக்கு எழுதணும்? பொட்டிய எடு, வூட்டுக்குப் போவோம்."

அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் பெட்டியோடு அப்பாவுக்குப் பின்னால் கேட்டைத் தாண்டிப் போனாள். அந்தத் துண்டை அவர்கள் திருப்பித் தரவில்லை. அதில் லைப்ரரி சீலைக் குத்தி, கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். அவள் பரிசுப் புத்தகத்தில் அவள் பெயர் இருந்த பக்கம் என்னிடம், லைப்ரரி சீல் குத்திய துண்டு அவர்களிடம். எழுதும்போது பேனா பேப்பரைக் கிழிக்கிறது.

அடுத்த வருடம் ஆபீசுக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் ஃபைல் ரேக்கை நகர்த்தியபோது பின்னால் லைப்ரரி டிக்ஷனரி முழுசாக விழுந்து கிடந்தது. கிளார்க் அதைத் தட்டி, துடைத்து, பீரோவில் அவள் துண்டுக்குப் பக்கத்திலேயே வைத்தார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆலத்தியூருக்கு ஒரு போன் போட யாருக்கும் தோன்றவில்லை. லப்பைக்குடிக்காட்டுக்காரி மட்டும் என்னிடம் வந்து, "யா அல்லாஹ், இப்பவாச்சும் போய்ச் சொல்லுவோம்டி" என்றாள். இறுதி வருடம் வந்துவிட்டது, பரீட்சை முடியட்டும் என்றேன். பரீட்சை முடிந்தது. நான் பாஸ் செய்தேன். ஏ முதல் டி வரை வைத்துக்கொண்டே நர்ஸ் ஆனேன்.

எஸ்காரி எங்கே இருக்கிறாள் என்பது எனக்கு எப்போதும் தெரியும். அரியலூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறாள். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு அரியலூர் போகிறபோதெல்லாம் அந்தக் கடை வருகிற நேரம் பார்த்து முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொள்வேன். ஊசி போடப் பயந்து அலறுகிற பிள்ளையை அதட்டி உட்கார வைக்கிறவள் நான். என் லட்சணம் இது.

பள்ளிக்கூட விழாவில் கத்திவிட்டு வந்த அடுத்த ஆஃப் நாளில் வீட்டு பீரோவைத் திறந்து அடியிலிருந்து அந்தத் துண்டை எடுத்தேன். பிளாஸ்டர் பழுப்பேறியிருந்தது. பையில் போட்டுக்கொண்டு பெரம்பலூரிலிருந்து அரியலூர் பஸ் ஏறினேன். எதிரே சிமெண்ட் லாரியாக வந்துகொண்டிருந்தது. வழி முழுக்க என்ன சொல்வது என்று யோசித்தும் எதுவும் தேறவில்லை.

கடையில் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். அவள் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். டாக்டரின் கிறுக்கல் சீட்டைப் பார்த்த உடனே கை மேல் தட்டுக்குப் போனது. என்னைப் பார்த்தாள். தெரிந்துகொண்டாள். "இருடி, இவங்களை அனுப்பிட்டு வர்றேன்" என்றாள், நேற்றுப் பார்த்தவளிடம் சொல்வதுபோல.

ஆள் குறைந்ததும் துண்டை எடுத்து கவுண்டர்மேல் வைத்தேன். அவள் திறந்தாள். சீல், பெயர், கையெழுத்து. மை இன்னும் மங்கவில்லை.

"அன்னிக்கு இது என் பாக்கெட்லதான் இருந்துச்சு" என்றேன்.

"தெரியும்."

அவள் அப்படிச் சொன்னதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. என்மேல் வர வேண்டிய கோபத்தை அவள்மேல் காட்டினேன். "அப்ப ஏண்டி சொல்லல? இவ பாக்கெட்டைப் பாருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீ இன்னிக்கு நர்ஸு. வாயை மூடிட்டு நின்னியே, ஏன்?"

"நான் சொல்லித்தான் நீ எடுக்கணுமா?" என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தாங்கியிருப்பேன். நாலு பேர் எதிரில் என்னை நாறடித்திருந்தால்கூட நிம்மதியாக பஸ் ஏறியிருப்பேன்.

"எங்கப்பா சாகிற வரைக்கும் கேட்டாரு. மொத பக்கம் எங்க பாப்பா, அதைக் காட்டிருந்தா போதுமேன்னு. தொலைஞ்சுபோச்சுப்பான்னு சொல்லிட்டேன். உன் பேரைச் சொன்னா கிளம்பி உங்க வூட்டுக்கே வந்திருப்பாரு."



மாத்திரை அட்டை வெட்டுகிற கத்திரிக்கோல் பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்தாள். முதல் பக்கத்தை மட்டும் விரலால் நீவி, பிளாஸ்டர் ஓரமாகக் கோணாமல் வெட்டினாள். வெட்டியதை ஒரு தடவை படித்தாள். இரண்டாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். மீதித் துண்டை மருந்து போட்டுக் கொடுக்கிற காகிதக் கவரில் போட்டு, வாயை மடித்து என் பக்கம் தள்ளினாள்.

"இது எனக்கு வேணாம். நீ பாத்துப் பாத்துப் படிச்சது, நீயே வெச்சுக்க" என்றாள்.

எனக்குப் பின்னால் ஒரு அம்மா சீட்டை நீட்டிக்கொண்டு வந்து நின்றார். அவள் என்னைத் தாண்டிக் கையை நீட்டி அதை வாங்கினாள்.

"சொல்லுங்கம்மா, எத்தனை நாளைக்கு வேணும்?"